சாணி உருண்டையில் வந்த தோடு

வெள்ளக்கடை
தை 10, வியாழன்

அன்புக் கண்ணு சிவரஞ்சனிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் உன் அப்பாவும் இரண்டு மாடுகளும், பிறந்து பதினைந்து நாளான கன்றுக்குட்டியும் இங்கே சுகம். குஜராத் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், நான் கொடுத்துவிட்ட கம்பளியை நீ போர்த்துகிறாயா, இல்லை அது மட்டும் பெட்டிக்குள் சுகமாகத் தூங்குகிறதா என்று பதில் போடு. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிரித்துவிடுகிறேன், டவர் வேண்டுமென்றால் ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், ஊரே கேட்கும். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது, அது வேறு கதை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சாமி. நீ அங்கே குற்றத்தையும் நீதியையும் புத்தகத்தில் படிக்கிறாய், இங்கே உன்னைப் பெற்றவளே ஒரு குற்றத்தைச் செய்து, அதை ஊரறிய ஒப்புக்கொண்டும்விட்டு, இரண்டு நாளாகக் கால் தரையில் பாவாமல் திரிகிறேன். உன் அப்பா ஏற்காடு கடைவீதியில் பால்காரரிடம் நீ இன்ஸ்பெக்டர் ஆகப்போகிறாய் என்றும் லாட்ஜ்காரரிடம் ஜட்ஜ் ஆகப்போகிறாய் என்றும் ஆளுக்குத் தகுந்தபடி சொல்லி வைத்திருக்கிறார். அந்த மனுஷன் முகத்தை இப்போது நீ பார்க்க வேண்டுமே!

போன வெள்ளிக்கிழமை மளிகைக்கடைக் கலாவதி நம் களத்தில் உட்கார்ந்து என்னோடு மொச்சை உரித்துவிட்டுப் போனாள். அவள் போனபிறகு காய்கிற காப்பிக்கொட்டையைக் காலால் கிளறிவிட்டேன், பாதத்தில் சுருக்கென்று குத்தியது, பார்த்தால் அவள் தோடு. ஒரு காது மூளியாக உட்கார்ந்து கலாவதி ஊருக்கெல்லாம் விலை சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு. சாயங்காலம் கடைக்குப் போய் "ஏனுங்க, ஒத்தத் தோடு என்ன வெலைங்க" என்று கேட்டுக் கொஞ்சம் அலையவிட்டுக் கொடுக்கலாம் என்று முந்தானையில் முடிந்துகொண்டேன். உன் அம்மாவின் புத்தி அப்படி, உனக்குத் தெரியாததா.

போனால் கடை வாசலில் கூட்டம். நம் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்க வருகிற மரியசெல்வி, எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறவள், காலையில் கலாவதி கடையையும் கூட்டிப் பெருக்குகிறாள் இல்லையா, அவள்தான் எடுத்தாள் என்று கலாவதி கத்துகிறாள், ஏற்காடு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்கிறாள். மரியசெல்வி தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். என் முந்தானையில் தோடு. அந்த நிமிஷமே அவிழ்த்துக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை கண்ணு. போலீஸ் என்றதும் பயந்து எடுத்து நீட்டுகிறாள் பார், மகளைக் குற்றவியல் படிக்க அனுப்பியவள் லட்சணத்தைப் பார் என்பார்களே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. நிரூபிக்கிற வரைக்கும் யாரையும் குற்றவாளி என்று சொல்லக் கூடாது என்று முதல் மாதமே நீ எனக்குப் பாடம் நடத்தினாயே, அதெல்லாம் நன்றாக ஞாபகம் வந்தது. வாய்தான் வரவில்லை.

வந்த ஒரே பேச்சு, "போலீசு எதுக்குங்க, சாணி உருண்டை போடலாமுங்க" என்பதுதான். நீ பிறந்த பிறகு நம் ஊரில் அதைப் போட்டதில்லை, அதனால் சொல்கிறேன். வீட்டுக்கு ஓர் ஆள் ஆரஞ்சுப்பழம் அளவு சாணியை உருட்டிக்கொண்டு வந்து அண்டாத் தண்ணீரில் போட வேண்டும், எடுத்தவர் பொருளை அதற்குள் வைத்துப் போட்டுவிடலாம், கரைத்துப் பார்த்துப் பொருள் வந்துவிட்டால் யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. ஊர்க்கவுண்டர் அங்கப்பனுக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினெட்டு வீட்டு உருண்டையும் விழுந்தது, மரியசெல்வியையும் கூப்பிட்டு ஒன்று போடச் சொன்னார்கள். கவுண்டர் கம்பால் கலக்கித் துழாவினால் முதலில் வந்தது என்ன தெரியுமா, பக்கத்து வீட்டுச் சக்தியின் பைக் சாவி, தீபாவளிக்குத் தொலைந்தது! அடுத்தது மாரியம்மன் கோயில் சின்ன மணி, மூன்று வருஷமாகத் தேடியது. கடைசியில்தான் தோடு. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, கவுண்டர் கம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தே விட்டார். கலாவதி தோட்டை நாலு தண்ணீர் விட்டுக் கழுவினாள். உன் அம்மா பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி உனக்குப் போன் போட்டேன்.

சிரிப்புக்கு நடுவே நான் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு நீ சிரிக்கவில்லை. அப்போ மரியசெல்வியக்கா மேல சொன்ன பேச்சு என்னாச்சும்மா என்று ஒன்றே ஒன்று கேட்டாய். டவர் போய்விட்டது என்று நான் வைத்துவிட்டேன் இல்லையா, டவர் எங்கேயும் போகவில்லை. தோடு வெளியே வந்ததும் எல்லாக் கண்களும் மரியசெல்வி பக்கம்தான் திரும்பின, அதை நானும் பார்த்தேன். யாரும் கேட்கக் கூடாது என்பதால் தான் எடுக்கவில்லை என்று சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை. கலாவதி பெரிய மனசு பண்ணுகிற மாதிரி, "போனாப் போகுது, நாளைல இருந்து கடைப் பக்கம் வராத" என்று அவளிடம் சொன்னாள். திங்கட்கிழமை அவள் நம் தோட்டத்துக்கும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சேலம் பஸ் வந்து நிற்கும்போது கடை வாசலில் எல்லோரும் இருப்பார்கள் என்று போனேன். பஸ்ஸுக்குள் மரியசெல்வி, மடியில் ஒரு பை, அடிவாரத்தில் வேலை தேடப் போகிறாளாம். படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "தோட்ட எடுத்து வெச்சிருந்தது நாந்தானுங்க, என் உருண்டைல இருந்துதான் வந்துச்சு, அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்று கத்தினேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நிற்கிறார். போட்டவங்க பேரச் சொல்லப்படாது, மொறையக் கெடுத்துப்புட்டியே ராசாத்தி என்று கவுண்டர் கோபித்து, அண்டாவை நான்தான் தேய்க்க வேண்டும் என்று தண்டனை போட்டார். மூன்று தரம் தேய்த்தும் வாடை போகவில்லை. கலாவதி என்னோடு பேசுவதில்லை, ஆனால் மரியசெல்வியிடம் போய் மன்னிப்புக் கேட்டாளாம். உன் அப்பா ஒரு நாள் பூராவும் முறைத்துவிட்டு, நேற்றுச் சாப்பிடும்போது தானாகச் சிரித்துப் புரையேறிக்கொண்டார். எனக்கோ உடம்பில் பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது சாமி, அடுப்படியில் பாட்டு வேறு வருகிறது.

அன்று நான் கத்தியதைக் கேட்டு மரியசெல்வி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தாள். திட்டுவாள், திட்டட்டும் என்று நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு நாளா எல்லாரும் பாத்த பார்வைல, நாந்தான் எடுத்துட்டனோன்னு எனக்கே சந்தேகமாப் போச்சுங்கக்கா" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இதை உன் வகுப்பில் சொல்லு கண்ணு, அங்கே இருக்கிற பெரிய பெரிய வாத்தியார்களுக்கும் சொல்லு.

சேர்வராயன் துணையால் நீ நோய்நொடி இல்லாமல் படித்து, நாலு பேருக்கு நியாயம் கிடைக்கச் செய்கிறவளாக வர வேண்டும். எண்ணெய் வைத்துக் குளி, பரீட்சைக்கு முன்னால் பட்டினி கிடக்காதே. இந்தச் சங்கதியைப் பாடத்தில் எழுதினாலும் எழுதுவாய். எழுதும்போது ஆட்கள் பேரை மாற்றிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறாய். மரியசெல்வி பேரை மறக்காமல் மாற்றிவிடு. என் பேரை மாற்றாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. ராசாத்தி