மாமா கொண்டுவந்த பாட்டரி

பெங்களூர்,
6-2-1972

பிரியமுள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நான் செய்த கணக்கு இயந்திரம் வேலை செய்கிறது! இடுப்பில் கட்டிக்கொண்டே நடக்கலாம்; விடை மணிக்கட்டில் சின்ன பல்புகளாக எரியும். டார்ச் செல்தான் தாங்கவில்லை. மாமா தங்கச் சுரங்கத்துக்குள் இடுப்பில் கட்டுகிற விளக்கு பாட்டரி ஒரு ஷிப்ட் முழுக்க உழைக்குமே, காலேஜ் கண்காட்சிக்கு மட்டும் கிடைக்குமா? நீயே கேள். எனக்குக் கூச்சம்.

உன் தம்பி,
அசோகன்

சாம்பியன் ரீப்ஸ்,
21-2-1972

கண்ணு அசோகா,

சனிக்கிழமை மாமா உன்னிடம் பாட்டரி கொண்டுவந்தாரே, இங்கே நடந்ததைக் கேள். ஷிப்ட் முடிந்தால் விளக்கையும் பாட்டரியையும் லாம்ப் ரூமில் கொடுக்கவேண்டும். விளக்கு வராவிட்டால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். நம் லைன் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். உனக்காக நான் கேட்டபோது "பாக்கலாம்" என்ற இந்த மனுஷன் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டார். லாம்ப் ரூம் சிரில் ஓடிவந்து, "அக்கா, மாமா மேல வரலியே" என்றான். சுரங்கத்துக்கு இறங்கும் ஷாப்ட் வாசலில் விழுந்து புரண்டு அழுதேன். அவரைத் தேடி இறங்கிய, அவரோடு வேலை செய்யும் சின்னப்பாவுக்குப் பாறை விழுந்து கால் முறிந்தது.

மறுநாள் காலையில் இவர் சிரித்துக்கொண்டே வருகிறார்! "இன்னா, எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்றார். சின்னப்பா கால் முறிந்ததைச் சிரில் சொன்னான். அப்போதிலிருந்து தலை நிமிரவில்லை அவர். சின்னப்பா பெண்டாட்டிக்கு எதிரே குழாயடிக்குப் போக எனக்கும் வெட்கம்.

வெள்ளிக்கிழமை விசாரணை. விற்பதற்குத் திருடினார் என்கிறார்கள். நீ பாட்டரியோடு வந்து, படிப்புக்காகக் கேட்டேன் என்று சொன்னால் வேலை தப்பும். வந்துவிடு, சாமி.

அக்கா சுலோச்சனா

பெங்களூர்,
23-2-1972

அக்கா,

கண்காட்சி முடிந்தது. எனக்குத்தான் முதல் பரிசு. ஆனால் பாட்டரியில் இருந்த சுரங்கத்து நம்பரைச் சுரண்டிவிட்டு, அதையும் நானே செய்தேன் என்று புரபசரிடம் சொல்லிவிட்டேன். இப்போது உண்மையைச் சொன்னால் காலேஜில் எப்படித் தலைகாட்டுவேன்? வெட்கம் பிடுங்கித் தின்கிறது. பாட்டரியைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். நான் வரவில்லை. மன்னித்துவிடு.

அசோகன்

சாம்பியன் ரீப்ஸ்,
26-2-1972

அசோகனுக்கு,

விசாரணைக்குக் கிளம்பும்போதுதான் உன் கடிதமும் பார்சலும் வந்தன. கடிதத்தைக் காட்டிவிடலாம் என்றேன். அவர் பிடுங்கி அடுப்பில் போட்டார்.

பாட்டரியைப் பார்த்து மேனேஜர், "நம்பரை யார் சுரண்டியது?" என்றார். "நான்தாங்க" என்றார் உன் மாமா. திருட்டுதான் என்று முடிவாகி வேலை போய்விட்டது.

வெளியே வந்ததும் கத்தினேன். "படிக்கிற பையன், உடு" என்கிறார். எப்படி விடுவது? உன்னை வளர்த்தவள் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

கம்பெனி கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்கிறோம். புது விலாசத்தை உனக்கு எழுதச் சொல்கிறார். நான் எழுதவில்லை.

சுலோச்சனா