போவதற்கான வேர்க்கட்டு

ஆக்லாந்து,
4 ஜூன் 2000

அன்புத் தம்பி நேதனுக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. அங்கே தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்தைப் பிடித்த நாளிலிருந்து இங்கே வானொலியை அணைப்பதில்லை. இந்திய வம்சத்து நம்மவர்கள் வீடுகளைப் போட்டுவிட்டு ஓடுவதாகச் சொல்கிறார்கள்.

இங்கே வர நான் அனுப்பிய விசா ஜூலை முடியும்வரைதான். மலைக்காட்டில் வெள்ளைக்காரர்களுக்குப் பறவை காட்டுகிற வேலை. அதற்காகவா அங்கே உட்கார்ந்திருக்கிறாய்? பின்னறையை உனக்காகக் காலி செய்துவிட்டேன். போனில் கேட்டால், "சரி அக்கா" என்று வைத்துவிடுகிறாய். எழுது.

உன் அக்கா,
லாரா


லோவு,
17 ஜூன் 2000

அன்புள்ள அக்கா,

போன் இருக்கிற கடையில் எல்லோரும் காது கொடுக்கிறார்கள். அதனால்தான்.

காட்டுக்கு இப்போது யாரும் வருவதில்லை. நடைபாதையில் பெரணி முளைத்துவிட்டது. இங்கே ஒரு புறா நாய்போலக் குரைக்கும். பயணிகள் நாயைத் தேடுவார்கள், நான் சிரிப்பேன். இப்போது அது குரைத்தால் நின்றுவிடுகிறேன். நாயாகவும் இருக்கலாம். நாய்க்குப் பின்னால் ஆட்கள் இருக்கலாம்.

ஆனால் இலியேசா கூட இருக்கிறான். காடு அவனுடைய பூர்வகுடிக் குலத்துடையது. எட்டு வருடமாக ஒரே பாதையில் வழிகாட்டிகளாக நடக்கிறோம். என்னை மைத்துனா என்றுதான் கூப்பிடுவான். நேற்று, "உங்கக்கா விசா அனுப்புனாங்களாமே. அந்தப் புறாவையும் கூட்டிட்டுப் போ, இங்க கொலச்சுக் கொலச்சுத் தூங்க விட மாட்டேங்குது" என்றான். நான் இங்கே அந்நியன் இல்லை, அக்கா.

அன்புடன்,
நேதன்


ஆக்லாந்து,
28 ஜூன் 2000

நேதன்,

அப்பா அதே லோவுவில் முப்பது வருடம் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டார். அவரும் அப்படித்தான் நினைத்தார். குத்தகை முடிந்த அன்று நிலத்துக்காரர்கள் மரியாதையாகப் பேசித்தான் வெளியேற்றினார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். வந்துவிடு.

லாரா


நமாகா,
11 ஜூலை 2000

அன்புள்ள அக்கா,

போன வாரம் காட்டு வாசலில் ஆறு பேர். வெளியூர்க்காரர்கள். பயணிகளுக்கான விடுதியில் தங்கிவிட்டார்கள். புறா சுட்டுத் தின்கிறார்கள். நானும் இலியேசாவும் ஒன்றாகத்தான் போனோம். ஒருவன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு என்னை மட்டும் கேட்டான்.

"இந்த நெலத்துக்குள்ள வர, உனக்காக யாரு வேர் வச்சது?"

வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவன் பானம் கரைக்கிற யங்கோனா வேர்க்கட்டை ஊர்த்தலைவர் முன் வைத்து அனுமதி கேட்கவேண்டும். பயணிகளுக்காக நான்தான் வைப்பேன், அவர்கள் பெயரைச் சொல்லி. எனக்காக ஒருநாளும் வைத்ததில்லை. வேலை செய்கிறவனுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். ஒருவரும் கேட்கவும் இல்லை.

இலியேசாவைப் பார்த்தேன். அவன் அந்தத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் லௌடோகா சந்தையில் வேர் வாங்கிப்போய்த் தலைவர் முன் பாயில் வைத்தேன். சொல்லவேண்டிய வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். நான் தொடங்குவதற்குள் அவரே மெதுவாகக் கேட்டார்.

"இது வந்ததுக்கா, போறதுக்கா?"

புறப்படுகிறவர்களும் வேர் வைத்து விடைகேட்பார்கள், அக்கா. நான் வந்ததற்கு என்று சொல்லத்தான் போயிருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மூச்சு கேட்டது. அந்த ஆறு பேரில் ஒருவனோ என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"போறதுக்கு" என்றேன்.

விடைகேட்கிறவனிடம், இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று சொல்வது அந்த ஊர் மரியாதை. ஒரே ராத்திரி தங்கிய வெள்ளைக்காரர்களிடம்கூடச் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன். சொன்னால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

தலைவர் அதைச் சொல்லாமலே வேர்க்கட்டைத் தொட்டார். எல்லோரும் கை தட்டி ஏற்றுக்கொண்டார்கள். பின்னாலிருந்தும் ஒரு கை தட்டியது. திரும்பினேன். அது இலியேசா.

22ஆம் தேதி விமானம். அதுவரை இங்கே நமாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அழைத்துப்போக வாருங்கள்.

நேதன்