ஓரின் மாமாவை முறைத்த மஞ்சள் பூ

நோர்லேண்ட், அயோவா
ஜூலை 6

அன்புள்ள மார்லிஸ் கண்ணுவுக்கு,

நான் எழுதப்போவதை ஊரில் ஒரு ஜீவனும் நம்பாது என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். என் வீட்டுப் பக்கத்தில் நீயும் உன் கூட்டாளிகளும் இந்த மண்ணுக்கே உரிய காட்டுப்புல்லும் காட்டுப்பூவுமாய்த் தேடி வளர்த்த பொதுத் தோட்டத்துக்குப் போனேன். திங்கட்கிழமை நுழைந்தவன் புதன்கிழமைதான் வெளியே வந்தேன். உள்ளே காட்டெருமைகள் குடும்பத்தோடு குடியிருந்து எனக்குக் காபி கொடுத்தன. என்னைவிட உயரமான மஞ்சள் பூ ஒன்று, "எங்க மேல புகார் எழுதினவன் நீதானே?" என்று முறைத்தது. என் புல்தரையோ மூன்று வேளை தண்ணீர் குடித்தும் காய்ந்த சோளத்தட்டையாய்க் கிடக்கிறது.

உன் மாமா,
ஓரின்

ஒமாஹா
ஜூலை 10

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களோடு என்னால் முடியவில்லை. நான் கேட்டது இரண்டே விஷயம். நடைபாதை ஓரம் இரண்டடிக்கு மட்டும் புல் வெட்டினீர்களா? அப்போதுதான் தோட்டத்தை யாரோ பராமரிக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். பதினாறாம் தேதி நகரசபையில் பேசுவீர்களா? எவனோ ஒரு புண்ணியவான் 'களைக்காடு' என்று புகார் கொடுத்திருக்கிறான். கேட்க ஆளில்லையென்றால் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். நானோ உடைந்த காலில் மாவுக்கட்டோடு இங்கே கிடக்கிறேன்.

அந்த மஞ்சள் பூவாவது நிஜமா? அதன் இலைகளின் விளிம்புகள் திசைகாட்டி போல வடக்கும் தெற்கும் காட்டி நிற்கின்றனவா? விதைத்துவிட்டு, அது பூக்க ஏழு வருடமாகக் காத்திருக்கிறேன், மாமா. விளையாடாதீர்கள்.

மார்லிஸ்

ஒமாஹா
ஜூலை 17

மாமா,

பதில்கூட இல்லை! நகரசபை எழுத்தர் அம்மாதான் போன் செய்தார். "புகார் கொடுத்தவரே வந்து வாபஸ் வாங்கிட்டாரும்மா. தோட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. பேர மட்டும் கேக்காத." முகம் தெரியாத அந்த மனிதனுக்கு இருக்கும் மனசு உங்களுக்கு இல்லையே! கூட்டத்துக்காவது போனீர்களா?

மார்லிஸ்

நோர்லேண்ட்
ஜூலை 21

மார்லிஸ் கண்ணு,

போனேன். நாற்பது நிமிடம் முழங்கினேன். உன் புல்லின் வேர் பூமியைத் துளைத்துச் சீனாவில் ஒருவன் அடுப்படியில் எட்டிப்பார்க்கிறது என்றேன். மேயர் தேம்பித் தேம்பி அழுதார். பெஞ்சுகளே எழுந்து கைதட்டின. பக்கத்து வீட்டு டெல்பர்ட்தான், "யோவ் ஓரின், போதும்யா, பசிக்குது!" என்று கெடுத்தான்.

ஓரத்தை இரண்டடிக்கு வெட்டிவிட்டேன். நம்பாவிட்டால் டெல்பர்ட்டைக் கேள். உறையில் ஒரு மஞ்சள் இதழ் இருக்கிறது. பறிக்கவில்லை, உதிர்ந்து கிடந்தது. அதை நீயே பார்த்துக்கொள், என் வாக்கு எதற்கு?

மேயர் அழவில்லை. நான் பேசவும் இல்லை. ஏழு வருடம் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு, எழுத்தர் அம்மாவிடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான். எருமை, காபி, சீனா எல்லாம் பொய். நான் அளந்ததில் சின்னதாய் ஒன்று மட்டும் நிஜம்: அந்தப் பூ என்னிடம் கேட்டது.

உன் செடிகள் என் புல்தரையில் முளைத்த கோபத்தில், மே மாதம் அந்தப் புகாரை எழுதியவன் நான்தான்.

ஓரின்