அரக்கு வைத்த புளி ஜாடி

மச்சானே,

இன்றைக்குச் சம்பந்தி வீட்டில் மானத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெரியவள் கல்யாணம் பேச அதியமான்கோட்டை போயிருந்தோம். முற்றத்தில் பாய் போட்டுப் புளி காயவைத்திருந்தார்கள். என் கை சும்மா இருக்குமா? ஒரு சுளையைக் கிள்ளி மோந்து, நாக்கிலும் வைத்து, "இது போன வருசத்துச் சரக்குங்களே" என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மாள் முகம் அந்தப் புளியைவிடக் கறுத்துப்போனது. உன் தங்கச்சி என் காலை மிதித்தாள். வீடு திரும்பியும் விரலில் அந்த வாசனை போகவில்லை. அதோடு நினைப்பில் நீயும் வந்து உட்கார்ந்துகொண்டாய்.

யுத்தத்துக்கு முன்னால், பினாங்கு வியாபாரிக்கு நாம் முதன்முதலாகப் புளி அனுப்பிய வருஷம். வத்தல்மலைக்காரர்கள் நம் வாய்ச்சொல்லை நம்பி இறக்கிக் கொடுத்த சரக்கு. அது திரும்பி வந்தால் மறுபடி அந்த மலை ஏற நமக்கு முகம் இருந்திருக்காது. ஒப்பந்தக் கடிதத்தை நீ மூன்று நாள் எழுதினாய். பள்ளியில் நாலாம் பாரத்தைத் தாண்டாத எனக்கு அதைப் படித்து முடிக்கவே ஒரு நாள் ஆனது. கொட்டை எடுத்ததா, எந்த ஊர்த் தராசு, கப்பல் தாமதமானால் யார் பொறுப்பு, எதையும் நீ விடவில்லை. 'நாள்பட்டால் புளி கறுக்கும். அது குற்றமாகாது' என்ற வரியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ராத்திரியானா இருட்டும்னும் ஒரு வரி போட்டுடு மச்சான்."

"ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருக்கறப்பவே எழுதிக்கணும் மாப்ள. மூஞ்சியத் தூக்கிக்கிட்ட பொறவு எவன் எழுதுவான்?"

பினாங்கு வியாபாரியின் ஆள் கண்ணெதிரிலேயே, அனுப்பும் குவியலிலிருந்து மாதிரிக்கு இரண்டு ஜாடி நிரப்பி அரக்கு முத்திரை வைத்தாய். ஒன்று என் வீட்டுப் பரணில். இன்னொன்று இரு தரப்புக்கும் பொதுவான சென்னைக் கிடங்குக்காரரிடம். தகராறு என்று வந்தால் ஜாடியைத் திறந்து பார்த்து அவர் சொல்வதே முடிவு.

கப்பல் கிடைக்காமல் சரக்கு துறைமுகத்திலேயே இரண்டு மாதம் கிடந்தது. போய்ச் சேர்ந்ததும் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது: சரக்கு கறுத்திருக்கிறது, பழைய புளியைக் கலந்துவிட்டீர்கள், உங்கள் மாதிரி ஜாடியைக் கிடங்குக்காரருக்கு அனுப்புங்கள். நீ பரணில் ஏறி ஜாடியை இறக்கினாய். முத்திரை உடைந்திருந்தது. ஜாடியில் பாதிதான் இருந்தது.

"வூட்டுல புளி தீந்துபோச்சு. உன் தங்கச்சி கொழம்பு வெச்சுட்டா" என்றேன்.

"புளி மண்டிக்காரன் வூட்டுல புளி இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு அப்படியே சிரிக்க ஆரம்பித்தாய். "அதுக்குத்தான் மாப்ள ரெண்டு ஜாடி. உன்னை நம்பி ஒண்ணு, நம்பாம ஒண்ணு."

சென்னை ஜாடியைத் திறந்தார்கள். அதுவும் அதே கறுப்பு. கலப்பு இல்லை, நாள்பட்டதுதான் என்று கிடங்குக்காரர் எழுதினார். பினாங்குக்காரர் ஒத்துக்கொண்டதோடு அடுத்த வருஷத்துக்கும் சரக்கு கேட்டார். புது ஒப்பந்தத்தில் நீ ஒரு வரி சேர்த்தாய்: 'மாதிரி ஜாடி சமையல்கட்டுக்கு வெளியே வைக்கப்படும்.' இது எதற்கு என்று அவர் கேட்டு எழுதினார். மண்டியே சிரித்தது.

அந்தப் புத்தி இன்றைக்கும் என்னை விடவில்லை. மழை வந்தால் முகூர்த்தம் யார் வீட்டில், மேளத்துக்கு யார் சொல்வது என்று சம்பந்தி வீட்டிலேயே எழுதிவிட்டேன். "கல்யாணம் பேச வந்தீங்களா, கப்பல்ல சரக்கு ஏத்த வந்தீங்களா?" என்றார் சம்பந்தி. சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். நீ சொன்ன நேரம் அதுதானே.

பரணிலிருந்து ஜாடியை இறக்கிய அந்த நாளிலிருந்து உன் தங்கச்சியை நீ 'ஜாடிக்காரி' என்றே கூப்பிட்டாய். அவளும் சிரித்துக்கொண்டு, என்னை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள். கடைசியாக நீ வந்து சாப்பிட்டபோதும், "ஜாடிக்காரி, கொழம்பு பிரமாதம்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

புளி இல்லாவிட்டால் மோர் போதும் என்றுதான் அன்றைக்கு அவள் சொன்னாள் மச்சான். பரணில் ஏறி அரக்கை உடைத்தவன் நான்.