கிழியாத சீட்டு

ஜூன் 3, 2024
என் வீட்டுக்காரர் மருதமுத்துவுக்கு நாலு நாளாக மூத்திரம் சிவப்பாகப் போகிறது. மைன்ஸில் வேலை செய்கிறவருக்கு எது வந்தாலும் சூடுதான். “பீட்ரூட்ட திருடித் தின்னியாய்யா?” என்றேன். சிரித்தார். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 12
கான்ட்ராக்ட் ஆட்களுக்கு கேட் பாஸ் புதுப்பிக்கும் மெடிக்கல். மூத்திர டெஸ்டில் சிவப்பைப் பார்த்தால் பாஸ் போச்சு. “என்னுத எடுத்துகினு போ. மாசமா இருக்கன்னு ரிசல்ட் வந்தா வளைகாப்பு போட்டுடலாம்” என்றேன். கடைசியில் என் தம்பி மதிவாணன்தான் டப்பியில் பிடித்துக் கொடுத்தான். பாஸ் வந்தது. கேசரி கிண்டினேன்.

ஜூலை 20
மறுபடியும் சிவப்பு. வடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். இந்த மனுஷன் அந்த மெடிக்கல் ரிப்போர்ட்டையே நீட்டுகிறார்! போன மாசம் சுத்தமாக இருக்கிறதே என்று டாக்டர் மாத்திரை எழுதினார்.
வெளியே வந்து, “அது மதிவாணனுதுய்யா” என்றேன்.
“அவன் இன்னா வேத்து ஆளா? மச்சான்தான?”
நானும் சிரித்துத் தொலைத்தேன். திரும்ப உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். பாஸ் விஷயம் வெளியே வந்துவிட்டால்?

செப்டம்பர் 9
ரத்தம் கட்டி கட்டியாக வந்து அடைத்துக்கொண்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரி. குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூத்திரப்பையில் கட்டி. சுரண்டி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 18
புற்று. பையின் சதைக்குள் இறங்கிவிட்டதாம். முன்னாலேயே வந்திருந்தால் சுரண்டியதோடு போயிருக்கலாம் என்றார் பெரிய டாக்டர். மதிவாணன் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

செப்டம்பர் 19
ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்தாள், இசைப்பிரியா. சுரண்டிய கட்டியில் ஒரு துண்டு கேட்டாள். எதற்கு என்றேன். உட்கார்ந்து சொன்னாள். செல்லுக்குள் ‘வளரு’ என்று உத்தரவுச் சீட்டு போகுமாம். ஆர்என்ஏ என்று பேர். வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். அதில் ஒட்டுகிற புரதங்கள் இருக்கின்றன. புற்றில் அப்படி ஒரு புரதம் அளவுக்கு மீறிப்போய், சீட்டைக் கிழியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உத்தரவு ஓயாது, கட்டியும் ஓயாது.
“அப்ப முட்டைய நிறுத்திடட்டா?”
“ஐயோ, அது வேறம்மா. முட்டை குடுங்க.”
“அதப் பிச்சுப் போட மருந்து?”
“இன்னும் வரலம்மா. அதத்தான் தேடுறோம்.”
இவர் கையெழுத்துப் போட்டார். “எடுத்துக்கம்மா. வாடகையா கேக்கப்போறன்?”

அக்டோபர் 6
ஆபரேஷன் இல்லையாம். எலும்புக்குப் போய்விட்டது.

நவம்பர் 15
கிண்டல் ஒன்றும் வாயில் வரவில்லை. “இன்னாடி பெரியநாயகி, ஊமையாயிட்ட? எதுனா சொல்லேன்” என்கிறார்.
இன்னாத்த சொல்றது? எல்லாத்துக்கும் சிரிச்சன். சிரிச்சிச் சிரிச்சியே வுட்டுட்டனே —

ஜனவரி 8, 2025
இசைப்பிரியா போன் செய்தாள். “அம்மா, ஐயா குடுத்த துண்டு லேபுல இன்னும் வளந்துகிட்டு இருக்கு. அந்தப் புரதத்தக் குறைச்சுப் பாத்தோம், வளர்ற வேகமும் குறையுதும்மா. ஐயாகிட்ட சொல்லுங்க!”
என்ன சந்தோஷம் அந்தக் குரலில். வாசலில் மதிவாணன் கருமாதிப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.
“சொல்றம்மா” என்றேன்.