நாற்காலியில் நாற்பது நிமிடம்

சனிக்கிழமை, இரவு.

இன்று ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் எங்கள் நாடகம். மேடையில் ஒரு நாற்காலி. அதில் மொட்டைத் தலையோடு நான். பார்க்க வந்தவர்கள் மேடையேறி, என்னைத் தங்களுக்குச் சரியென்று பட்டபடி மாற்றலாம். யாராவது 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்டால்தான் நான் வாய் திறக்கலாம்.

ஒருவர் என் கால்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார். ஒரு பெண் பொட்டு வைத்துவிட்டார். பிறகு சுங்கை பாக்காப்பிலிருந்து வந்திருந்த என் அக்காவே மேடைக்கு வந்தாள். அவளாவது அந்தக் கேள்வியைக் கேட்பாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் தன் துப்பட்டாவால் என் தலையை மூடினாள். கூட்டத்தைப் பார்த்து, "கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டு எடுத்த மொட்டை லா, வேற ஒண்ணும் இல்ல," என்றாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. நாற்பது நிமிடம் முடியும்வரை யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது காரில் அக்கா சந்தோஷமாக இருந்தாள்.

"நல்லவேளை நான் வந்தேன். உன் மானத்தக் காப்பாத்திட்டேன், பாத்தியா?"

"ஆமாக்கா," என்றேன்.

நாளையும் நாடகம் இருக்கிறது. மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம்.