ராக்கெட் ஸ்டாண்டு படம் பார்த்தவர்கள் சொன்னது

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வெறுங்காலோடு திரியாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. படத்தைப் பற்றி ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருந்தாய், கடைசியில் பொடி எழுத்தில் அப்பா என்ன சொன்னார் என்றும் கேட்டிருந்தாய். நீ கேட்க நினைத்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான் என்று எனக்குத் தெரியாதா, உன்னைப் பெற்றவள் நான். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், எடுத்த வேகத்தில் வைத்துவிட்டேன்.

முதலில் ஜனங்கள் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வண்டி ஸ்டாண்டு நடத்துகிற தியேட்டருக்கே நீ கதை எழுதிய படம் வரும் என்று யார் கண்டது, போஸ்டர் ஒட்டின அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வானத்தில் ராக்கெட் நிறுத்துகிற ஸ்டாண்டு, ஆறு கையோடு ஓடி ஓடி டோக்கன் கட்டுகிற அப்பா, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிற அம்மா. என் மானத்தை இப்படி வாங்கியிருக்க வேண்டாம் நீ. பெட்ரோல் பங்குக்காரர் வண்டி எடுக்க வந்தவர் அப்பாவைப் பார்த்து, மீதி நாலு கையை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். குடும்பத்தோடு பார்க்கலாம், முகம் சுளிக்க ஒரு இடமும் இல்லை என்று மருந்துக்கடை அம்மாள் சொன்னாள். முதல் பாதி ஜாலி, இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை என்று பாதிப் பேர் சொல்கிறார்கள், கோபப்படாதே, எல்லாப் படத்துக்கும் அதையேதான் சொல்கிறார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தன் லாஜிக்கே இல்லை, ராக்கெட்டுக்கு எதுக்கு டோக்கன் என்று அலுத்துக்கொண்டான், அவன் தன் டோக்கனைத் தொலைத்துவிட்டு இருபது நிமிஷம் எங்கள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான், நானும் வேண்டுமென்றே மெதுவாகத்தான் தேடிக்கொடுத்தேன்.

ஆனால் எல்லாரும் பேசியது அந்த மூன்று கண் பொடியனைப் பற்றித்தான். அவன் டோக்கனையெல்லாம் மாற்றி மாற்றிக் கட்டிவிட்டு ஓடுகிறபோது தியேட்டரே சிரிப்பில் அதிர்கிறது, வெளியே கேட்டில் நிற்கிற எனக்கே கேட்கும். அந்த வாலு இல்லாவிட்டால் படமே இல்லை என்று சிலர் சொன்னார்கள். காது கிழியப் பேசி உயிரை எடுக்கிறான், அவனைக் குறைத்திருக்கலாம் என்று ஒருத்தர் சொன்னார். குறைக்க வேண்டுமாம் பாப்பா. ஏழு வயசோடு குறைந்துபோனவனை இன்னும் எவ்வளவு குறைக்கிறது. அவருக்கு டோக்கனைப் பார்த்து வண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன் தம்பி பேசுகிற மாதிரியே, மூச்சு விடாமல், ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி, எப்படியடி இத்தனையும் ஞாபகம் வைத்திருந்தாய். பதினேழு வருஷம் கழித்து அவன் பேசுவதை என்னைக் கேட்க வைத்துவிட்டாய், அதற்கு உனக்கு நன்றி சொல்வதா உன்னைத் திட்டுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்பா இரண்டாம் நாள் பகல் காட்சிக்குப் போனார். முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். ஸ்டாண்டை நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டேன். இடைவேளை மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டார், நேராக வந்து வண்டிகளை வரிசை பண்ண ஆரம்பித்துவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமா, பத்து நாள் பேசவில்லை. எதற்கென்று நான் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த அக்காக்காரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், பொடியன் வந்து தோளில் தொங்குகிறான், அவள் போய்த் தொலைடா என்கிறாள், அவன் ஒரு ராக்கெட்டில் ஏறித் தொலைந்தே போகிறான், இடைவேளை. தம்பி போன அன்றைக்கு அவன் உன்னிடம் வந்தானா என்று நாங்களும் கேட்டதில்லை, நீயும் வாயைத் திறந்ததில்லை. பதினாலு வயசுப் பெண் அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய், பள்ளிக்கூடம் போயிருக்கிறாய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போயிருக்கிறாய். ஊருக்கு வந்தால் நாலு நாளில் திரும்பிவிடுகிறாயே என்று உன்னைக் குறை சொன்ன என் வாயில்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

அப்பா உன்மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நீ எப்போதுமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும், அவர் உன் முகத்தைப் பார்த்துப் பேசாததற்கு வேறு என்ன காரணம் தோன்றும். போன வியாழக்கிழமை பகல் காட்சி விட்டபோது ஒரு பள்ளிக்கூட டீச்சர் தன் மகளோடு வந்தாள். படம் எப்படி என்று வழக்கம்போலக் கேட்டேன். எல்லாம் சரிதான், அந்த அக்காக்காரியைத்தான் நாலு அறை விட வேண்டும், தம்பியைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது என்றாள். அப்பா அவளுடைய ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தவர் அப்படியே கையை விட்டுவிட்டார். வண்டி விழுந்து கண்ணாடி உடைந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு வண்டி கீழே விழுந்ததில்லை. "அது சின்னப் பொண்ணும்மா, அது மேல தப்பில்ல" என்று சொன்னார், அதையே மூன்று தடவை சொன்னார், டீச்சர் பயந்துபோய் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வண்டியெல்லாம் போன பிறகு தேடினால், அவர் தியேட்டருக்குப் பின்னால், அன்றைக்குத் தொட்டிக்காகத் தோண்டி மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்த குழியிலிருந்து தம்பியை எடுத்தோமே, இப்போது மூடி சிமெண்டு போட்டிருக்கும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "அவ விரட்டினதுக்கப்புறம் அவன் என்கிட்டதான் வந்தான். புதுப்படம், கூட்டம், ரெண்டு கையிலயும் வண்டி. காலைக் கட்டிக்கிட்டான். பின்னாடி போய் விளையாடுடான்னு நான்தான் அனுப்புனேன். குழி இருக்கிறது எனக்குத் தெரியும்." இவ்வளவுதான் சொன்னார்.

அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினேழு வருஷமாக ஒரு குடும்பத்தில் மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். மூன்று பேர் என்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு டோக்கன் புத்தகத்தை வைத்துக்கொண்டு அக்காகிட்ட போ என்று அவனை உன்னிடம் அனுப்பினவள் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் படம் முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்பே கேட்டுக்கு வந்துவிட வேண்டும், ஒரு படத்தின் முடிவையும் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை, வருகிறவர்கள் சொல்லித்தான் தெரியும். அப்பாவோ இந்தப் படத்தைப் பற்றி யார் பேசினாலும் தள்ளிப் போய்விடுவார். அதனால் முடிவு அவருக்குத் தெரியவே தெரியாது. பொடியன் திரும்பி வந்துவிடுகிறான் என்று அங்கே உட்கார்ந்தபடி நான்தான் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, யார் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று கேட்டார். அக்காதான் என்றேன். பிறகு அவர் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன்.

பாப்பா, இந்தக் கடிதத்தில் இருப்பதெல்லாம் அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதிவிடு, அவளாவது இறக்கி வைக்கட்டும் என்றார். நீ சொன்ன வார்த்தையால் அவன் போகவில்லையடி கண்ணே, ஒரு நாளைக்கு இருபது தடவை நீ அவனை விரட்டுவாய், இருபத்தோராவது தடவையும் உன் மடியில் வந்து விழுவான், அவனுக்கு அந்த வார்த்தையெல்லாம் ஒரு பொருட்டா. இதைப் படித்த பிறகு அப்பாமேல் உனக்கு ஆத்திரம் வரலாம். வந்தால் வரட்டும், உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன், எனக்கே இன்னும் ஆறவில்லை. ஆனால் நேற்று சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே, படத்துல என்னை நல்லவனா வெச்சிருக்கா, தெரியாம வெச்சுட்டா, தெரிஞ்ச பிறகும் அப்பான்னு கூப்பிடுவாளா என்று என்னைக் கேட்டார். அதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது, நீதான் சொல்ல வேண்டும்.

எங்கே இருந்தாலும் நோய்நொடி அண்டாமல், மனசு லேசாகி, நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பதில் எழுதும்போது ஒன்றை மறக்காதே, உறையின்மேல் என் பெயரை எழுதாதே, அவர் பெயரை எழுது. நல்லதோ கெட்டதோ, அவரே பிரித்துப் படிக்கட்டும்.

உன் அம்மா